சுகர் லேண்டில் ஒரு சிவப்பு மாளிகை

தோழியின் ரிசப்ஷனுக்காகச் சென்னையிலிருந்து அமெரிக்கா வந்து, சுகர் லேண்டில் ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு ஹாலில் நிற்கிறேன். ஒரு பக்கம் பல் டாக்டர், மறுபக்கம் இந்திய மளிகைக் கடை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறிவிடுவார்கள். எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியரான மணப்பெண்ணின் அப்பா, பைப்லைனில் கசிவு தேடுகிற கண்ணோடு தெர்மகோல் அலங்காரத்தைத் தட்டிப் பார்க்கிறார்.

"டெக்கரேட்டர் தாஜ்மஹால்தான் போடுவேன்னான்மா. ஸ்ட்ரிக்ட்டா ரிஜெக்ட் பண்ணிட்டேன். சமாதிக்கு முன்னாடி யாராவது பொண்ணை நிக்க வைப்பாங்களா? அதான் இந்த ரெட் பேலஸை செலக்ட் பண்ணேன்."

நிமிர்ந்து பார்க்கிறேன். சிவப்புச் சுவரில் உயர்ந்த வளைவுகள், ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டைகள், உச்சியில் வெள்ளைக் குவிமாடம், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி மண்டபங்கள். சந்தேகமே இல்லை, டெல்லியில் இருக்கும் ஹுமாயூன் சமாதி. தாஜ்மஹாலுக்கே இதுதான் முன்னோடி என்று காலேஜில் வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவள் நான்.

"நீ ஹிஸ்டரி ப்ரொபசராச்சே, இது எந்த பேலஸ்?"

அவர் விரட்டியடித்த அதே வார்த்தை என் நாக்கு நுனியில் நிற்கிறது. விழுங்கிவிடுகிறேன்.

"ஒரு மொகலாய ராஜாவுக்காக அவரோட ராணி ஆசையா கட்டினது அங்கிள்."

"பொண்டாட்டி கட்டிக் குடுத்த வீடா! மாப்பிள்ளைகிட்ட சொல்லியே ஆகணும். ராஜா அதுல ரொம்ப வருஷம் இருந்தாரா?"

"இன்னும் காலி பண்ணலை அங்கிள்."