கம்பத்தடியில் வாய்விட்டுச் சொன்னேன்

என் வீட்டுக்காரருக்கு டி.பி. என்று தெரிந்தபோது, நோயைவிட ஊர் வாய்க்குத்தான் அதிகம் பயந்தோம். அவர் கோவைக்குக் கிழக்கே இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். எட்டுக் குடும்பம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் லைன் வீட்டில் இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார். அதனால் அரசாங்க டி.பி. மருந்து நிலையத்து நர்சம்மா விலாசம் கேட்டபோது, நாங்கள் விட்டுவந்த பழைய லைன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு!

மாதாமாதம் போய் மாத்திரை வாங்கிவந்தேன். இருமல் குறைந்தது. சோறு இறங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் ஊரே மாறிக்கொண்டிருந்தது. சோளக்காடெல்லாம் வீட்டுமனை சைட் ஆகி, கல் நட்ட இடமெல்லாம் ஒரு நகர். அந்தப் பங்குனியில் மாத்திரைக்குப் போனால், நிலையம் இருந்த வாடகைக் கட்டடத்துக்குக் கூரையே இல்லை. விற்றுவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று ஒரு அறிவிப்புகூட ஒட்டவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "உங்க வீதி இப்ப எங்க ஏரியாவுல வராதுங்க" என்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில், "பழைய இடத்துலதானுங்க உங்க பேரு இருக்கும், அங்கயே கேளுங்க" என்றார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டு கேட்டார். சீட்டும் அந்த நிலையத்தோடு போய்விட்டது. பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியதில் இரண்டு வாரம் ஓடியது.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் துப்பியதில் ரத்தம் வந்தது. "விட்டுப்போடு அம்மணி. நீயும் எத்தனை படிதான் ஏறுவே?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம், அரசாங்கத்தின்மேல் கோபம், மாரியம்மன்மேலும் கோபம்.

அப்போது மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு மரக்கம்பம் நட்டிருந்தார்கள். விடியற்காலையில் பெண்களெல்லாம் வரிசையில் நின்று, மஞ்சள் நீரும் வேப்பிலையுமாகக் கம்பத்துக்கு ஊற்றுவோம். வேண்டுவதை மனதுக்குள்தான் வேண்டுவோம். நானும் மூன்று நாள் அப்படித்தான் ஊற்றினேன். ரத்தத்தைப் பார்த்த மறுநாள் என்னால் முடியவில்லை. குடத்தைக் கவிழ்த்ததும் கத்திவிட்டேன்.

"தாயே, எம்பட ஊட்டுக்காரருக்கு டி.பி.! மாத்திரை நின்னுபோச்சு! நான் எங்க போய்க் கேக்கட்டும்?"

பக்கத்து வீட்டு ருக்குமணி தன் குடத்தை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அந்த நிமிடமே செத்துவிடலாம் போல இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. புது நகர்ப் பெண், முன்பின் பார்த்ததில்லை.

"அழுகாதீங்கக்கா. எங்கப்பனும் அதே மாத்திரைதானுங்க முழுங்குறாரு. தண்ணி டேங்குக்குப் பொறகால ஒரு ஊட்டுல நர்சம்மா இருக்காங்க. இன்னும் போர்டு மாட்டலீங்க."

ஈரச்சேலையோடு ஓடினேன். என்னைப் பார்த்ததும் நர்சம்மா சத்தம் போட்டார்: "எங்கம்மா போனீங்க? ரெண்டு தடவை தேடி வந்தேனுங்க. நீங்க சொன்ன லைன் வீட்டையே இடிச்சுப்போட்டாங்க!" அவர்கள் சொல்லாமல் போனது பாதி, நான் மறைத்தது பாதி. மாத்திரைப் பொட்டலம் என் வீட்டுக்காரர் பெயரோடு அங்கேயே இருந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை நடுவில் நின்றதால், ஊசி போட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரும் காலி செய்யத்தான் சொன்னார். அடுத்த வீடு பார்த்தபோது நோயை முதலில் சொல்லிவிட்டே வாடகை பேசினேன். பவுண்டரி வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். தாயே, அது போதும் எனக்கு.

நாங்கள் சாமான் கட்டிய அன்று ருக்குமணி வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்தாள் என்று நினைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, அந்த நர்சம்மா ஊடு எங்கீங்க? எங்க ஊட்டுக்காரரும் ஆறு மாசமா இருமறாருங்க."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது மூடிவைத்திருந்தால், அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் கேட்பாள். பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழட்டும்.