தோல் இல்லாத குழாய்

அகிலாண்டம் மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அதிலிருந்து பன்னிரண்டு வருஷம் அவள் இறைத்த தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் வைகையில் மணலே தெரிந்திருக்காது. வீட்டுக் கிணறு தை பிறந்தால் வறண்டுவிடும். பிறகு சந்துக் கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயில் கிணறுதான் கதி. முப்பது முழக் கயிறு. ஈரப் புடவையோடு மடியாக இறைத்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வரவேண்டும். நாளைக்குப் பதினெட்டுக் குடம். வேலைக்காரி கொண்டுவரும் தண்ணீர் பாத்திரம் தேய்க்க ஆகும், சமையலுக்கு ஆகாது.

கணவர் ஹாலாஸ்யம் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. நல்ல மனிதர்தான். ஆனால் தண்ணீர் குடத்துக்குள் தானாக ஊறும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற வகை நல்ல மனிதர்.

முதல் கர்ப்பம் ஆறாம் மாதம் கிணற்றடியில் கலைந்தது. இரண்டாவது, ஐந்தாம் மாதம், அதே கிணற்றடியில், அதே ராட்டினத்தின் கீழே. இரண்டாம் தடவை அவளைத் தூக்கி வந்து படுக்கவைத்த பிறகுதான் ஹாலாஸ்யம் முனிசிபாலிட்டிக் குழாய்க்கு மனுப்போட்டார். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

அந்தக் காலத்துக் குழாய்களின் தலைக்குள் ஒரு சின்ன வட்டத் தோல் இருக்கும். வாஷர் என்பார்கள். குழாயைத் திருகி மூடும்போது அந்தத் தோல்தான் உள்ளே அழுந்தித் தண்ணீரை நிறுத்தும். செத்த மாட்டின் தோலில் பட்டு வரும் தண்ணீரைப் பெருமாளுக்கு வைப்பதா என்று ஹாலாஸ்யத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. குழாய் போட வந்தவன் காளை. எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம், பிழைப்புக்காக மதுரைக்கு வந்து குழாய் வேலை பழகியவன்.

"தோலு இல்லாம பைப்பு நிக்காது சாமி" என்றான் காளை.

"வேற எதை வேணா வை. தோல் மட்டும் கூடாது" என்றார் ஹாலாஸ்யம். வாய்ச்சொல்லை நம்பாமல், கொல்லையில் குழாய் வரப்போகும் இடத்தில் சூடம் ஏற்றி, எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். காளையும் அணைத்தான். வேலைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு சத்தியத்தை அவன் அதுவரை செய்ததில்லை.

குழாய் வந்தது. தண்ணீர் வந்தது. ஒழுகலும் வந்தது. துணியை மடித்து வைத்தான், நைந்தது. தக்கை வைத்தான், பொடிந்தது. சைக்கிள் டியூப் ரப்பர் மூன்று வாரம் தாங்கிவிட்டுக் கிழிந்தது. ஒழுக ஒழுக ஹாலாஸ்யம் குழாயை இன்னும் பலமாக முறுக்கினார். குழாயைப் பற்றி அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். முறுக்கி முறுக்கி உள்ளே பித்தளையில் கோடு விழுந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் அகிலாண்டம் மூன்றாம் முறை உண்டாகி, ஏழு மாதம் முடிந்திருந்தது. லேடி டாக்டர் விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள்: குடம் தூக்கினால் இதுவும் தங்காது.

ஆற்றில் தண்ணீர் இல்லாத பங்குனி மாதம். ஒழுகும் குழாய்களையெல்லாம் வெட்டி மூடச் சொல்லி உத்தரவு. தண்ணீர் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாம் தடவை நோட்டீஸ் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தண்ணீர் திறக்கும்போது வருவார். ஒரு சொட்டு விழுந்தாலும் வெட்டிவிடுவார். மறுபடி மனுப்போட்டு வாங்க ஆறு மாதமாவது ஆகும்.

"ஏன்னா, அந்தத் தோலைத்தான் வச்சுட்டா என்ன? என் வயித்துல இருக்கறதை நெனைச்சுப் பாருங்கோ" என்று வெள்ளிக்கிழமை காலையில் அகிலாண்டம் கெஞ்சினாள்.

"பகவான் பார்த்துப்பார்" என்று சொல்லிவிட்டு ஹாலாஸ்யம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

பகவான் பார்த்துக்கொள்வார், ஆனால் குடம் தூக்க வரமாட்டார். இது அகிலாண்டத்துக்குத் தெரியும். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் அந்த ராட்டினத்தின் கிறீச்சுச் சத்தம் காதில் கேட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்காரியை அனுப்பிக் காளையை வரவழைத்தாள். அவன் கொல்லைக் கதவு வழியாக வந்து, குழாயைப் பார்த்து, தலையை ஆட்டினான்.

"உள்ள கோடு விழுந்துருச்சு தாயி. இனி மெத்துனு தோலு வச்சு, வெளக்கெண்ணெயில ஊறவச்சுப் போட்டாத்தான் அந்தக் கோட்டுக்குள்ள படிஞ்சு நிக்கும். ஆனா எங் கையால போட மாட்டேன். சூடம் அணைச்சிருக்கேன்."

"நான் செத்துப்போயிடுவேன் காளை" என்றாள் அகிலாண்டம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "இதுவும் போச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்."

காளை வீட்டிலும் ஒரு பிள்ளை போயிருக்கிறது. அவன் ஸ்பேனரை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"போட மாட்டேன்னுதான் சத்தியம் செஞ்சேன். சொல்லித்தர மாட்டேன்னு செய்யலியே. நீங்க போடுங்க, நான் சொல்லுறேன்."

மடியிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து நீட்டினான். செருப்புத் தைக்கிற இடத்தில் வாங்கி வந்தது. அகிலாண்டம் கையை நீட்டினாள், ஆனால் கை பாதியிலேயே நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷத்து வளர்ப்பு லேசில் விடுமா? அதைத் தொட்டு, அதில் பட்ட தண்ணீரைக் குடித்து, அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மணி இரண்டரை ஆகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பூஜை அறைக்குப் போனாள். மூலையில் சுருட்டி வைத்திருந்தது ஹாலாஸ்யத்தின் மான் தோல். அவருடைய அப்பா காசியிலிருந்து கொண்டுவந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் தினமும் ஜபம். அதைவிட மடியான பொருள் அந்த வீட்டில் வேறு இல்லை. அரிவாள்மணையில் ஒரு மூலையை அறுத்தாள்.

காளை அதைத் தடவிப் பார்த்தான். "இதுவும் தோலு, அதுவும் தோலு. எனக்கு வித்தியாசம் தெரியல தாயி. சரி, மெத்துனுதான் இருக்கு. முடியைச் சுரண்டிட்டு, மூணு வட்டமா வெட்டுங்க."

வெட்டினாள். விளக்கெண்ணெயில் ஊறவைத்தாள். குழாயின் தலையைக் கழற்ற ஏழு மாத வயிற்றோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பேனரை இழுத்தாள். அது அசையவில்லை. "எதிர்ப்பக்கம் தாயி, எதிர்ப்பக்கம். மூச்சை அடக்காதீக" என்று காளை தவித்தான். உதவிக்கு நீண்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கடைசியில் தலை கழன்றது. பழைய ரப்பர் பிசினாக வந்தது. துணியால் உள்ளே துடைத்து, மூன்று வட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கழுத்தில் எண்ணெய் தடவிய சணல் சுற்றி மூடினாள்.

நாலு மணிக்குக் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. மூடினாள். சொட்டியது. தெருவில் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி கேட்டது. அகிலாண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை முறுக்கப் போனாள்.

"இறுக்காதீக!" காளை கத்தியே விட்டான். "இறுக்கி இறுக்கித்தான் இம்புட்டும் வந்துச்சு. ரெண்டு விரலு போதும். தோலு ஊறட்டும்."

இரண்டு விரலால் பிடித்தபடி அவள் நின்றாள். சொட்டு. சொட்டு. இன்ஸ்பெக்டர் கொல்லைக்கு வந்து, குழாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. அது விழவே இல்லை. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அகிலாண்டம் குழாயடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். காளை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

சாயங்காலச் சந்தியாவந்தனம் செய்ய மான் தோலை விரித்த ஹாலாஸ்யம், மூலை இல்லாததைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"ஜபம் பண்ற தோலடி அது! அதை அறுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?"

"அதுமேல ஒக்காந்துண்டு பத்து வருஷமா என்ன கேட்டேள்?" என்றாள் அகிலாண்டம். "கொழந்தை வேணும்னுதானே கேட்டேள்? அந்தக் கொழந்தைக்காகத்தான் அறுத்தேன்."

ஹாலாஸ்யத்துக்கு வீம்பு போகவில்லை. "அந்தத் தண்ணியை நான் தொடமாட்டேன்" என்றார்.

"அப்போ கிணத்துலேர்ந்து நீங்களே கொண்டுவாங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போனாள்.

மறுநாள் காலை ஹாலாஸ்யம் ஈர வேட்டியோடு குடத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோயில் கிணற்றுக்குப் போனார். முதல் குடம் வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வர அரை மணி ஆயிற்று. நாலாவது வரவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பி வந்து கொல்லையில் நின்றார். எழுதுகோலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை இரண்டிலும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"இதையா பன்னெண்டு வருஷமா..." என்றார்.

அகிலாண்டம் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் ரத்தம் கசிந்த கைகளைத் தண்ணீருக்குக் கீழே நீட்டினார்.

வைகாசி விசாகம் கழிந்த ஆறாம் நாள் பெண் பிறந்தது. ஸ்யாமளா என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு முதல் தண்ணீர் வார்க்கக் குழாயடியில் அண்டாவைப் பிடித்தவர் ஹாலாஸ்யம்தான். அண்டா நிறைந்ததும் பழைய வழக்கத்தில் குழாயைப் பலமாக முறுக்கப் போனார்.

உள்ளே பிரசவ அறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு விரல் போறும்னா!"