கொட்டச் சொன்ன ஆவாரம்பூ

வனத்துறையில் தினக்கூலி வாட்சராக இருந்த நான். ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர். அவர்களோடு வாய் ஓயாத ஒரு வயதான அம்மா. கடைசியாக ஒரு தாய், அவள் இடுப்பில் பத்து வயது மகள். அன்று அந்தச் சரிவில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். ஆனைமலைக்குப் பக்கத்தில் காட்டு எல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கம் பூப்பறிக்கும் நோன்பு. பெண்கள் கூடையோடு வந்து ஆவாரம்பூ பறிப்பார்கள், கும்மியடிப்பார்கள், சாயங்காலம் பூவை வாய்க்காலில் விடுவார்கள். காட்டில் பூப் பறிப்பது குற்றம். ஆனாலும் அந்த ஒரு நாள் நாங்கள் கண்டும் காணாமல் இருந்துவிடுவோம். அந்த வருடம் புது ரேஞ்சர் வந்திருந்தார். ஒரு இலை போனாலும் உனக்கு வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்.

நான் போகும்போது கூடைகள் பாதி நிறைந்திருந்தன.

"கேசு ஆயிருமுங்க. போயிருங்க" என்றேன்.

"ஏனுங்க, நேத்து ஆனை வந்து மரத்தையே ஒடிச்சுப்போட்டுப் போச்சு. அது மேல எத்தனை கேசு போட்டீங்க?" என்றார் அந்த வயதான அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிரிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. கூடைகளைக் கொட்டச் சொன்னேன். கொட்டினார்கள்.

இடுப்பில் இருந்த சிறுமி மட்டும் மடியில் இருந்த பூவை விடவில்லை. நடக்கிற வயதுப் பெண்ணை ஏன் தூக்கி வந்தாய் என்று நான் தாயைக் கேட்கவில்லை.

"அடுத்த வருசம் வா கண்ணு. நானே பறிச்சு வெச்சிருக்கறேன்" என்றேன் அவளிடம்.

"நெசமாலுமாங்க?"

"நெசந்தான்."

அவளே மடியை உதறினாள். தாய் என்னை ஒருமுறை பார்த்தாள். ரேஞ்சர் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த தைக்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நோன்பு அன்று காலையிலேயே ஒரு கூடை ஆவாரம்பூ பறித்து வைத்துக் காத்திருந்தேன். பெண்கள் வந்தார்கள். அந்தத் தாயும் மகளும் இல்லை. வயதான அம்மாவைக் கேட்டேன்.

"அந்தப் புள்ள போன மாசி பொறக்கறதுக்கு முந்தியே போயிருச்சுங்க. ரத்தத்துல வியாதி. நோன்புக்கு ஒருக்கா போகோணும்னு அழுதுச்சுன்னுதான் ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தாங்க."

அந்த வருடம் அவர் கேலி பேசவில்லை. என் கூடையை நானே வாய்க்காலில் கவிழ்த்தேன்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாலு பேர் சிரித்தது பொறுக்காமல் கொட்டச் சொன்னவன் நான். பிறகு வேலை நிரந்தரமாகி, அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சரிவில் என் காவலில் வந்த நோன்பு இருபத்திரண்டு. தடுத்தது ஒன்று.