கத்தாதவர்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன புதிது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. அங்கே சேர்ந்திருந்த ஒருவர் உப்பளத்துப் பக்கத்துக் குப்பத்து மீனவர். பெரிய தோள், உப்பில் வெளுத்த புருவம். வலை இழுக்கும்போது கயிறு மாட்டி, வலது கட்டைவிரல் அடிமூட்டில் பின்பக்கமாகப் பிசகிவிட்டது. வலையைப் போலவே விரலையும் கூட்டாளிகள் மூன்று நாள் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் டாக்டர் அறுவை செய்துதான் மூட்டைச் சேர்த்தார்.

நான் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். முனகல்கூட வராது. "ஆம்பள கத்தலாமா?" என்பார்.

ஒரு நாள் டாக்டரைப் பிரெஞ்சு வழக்கில் 'ஐயா' என்று அழைத்துக் கேட்டார்: "இன்னும் நாலு பேரு சேந்து இழுத்திருந்தா வந்திருக்கும் இல்ல, முசே?"

"வராதுய்யா. பிஞ்ச சவ்வு ரெண்டு எலும்புக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும்."

டாக்டர் போனதும் மீனவர் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "என் தம்பிக்கும் போன வருசம் இதே வெரலு. நான்தான் இழுத்தேன். ஒரு வாரம், தெனமும். கத்துறான்னு அறைஞ்சேன். இப்ப அவனால துடுப்பு புடிக்க முடியல."

மறுநாள் பார்த்தபோது தையல் நன்றாக ஆறியிருந்தது. பஞ்சால் மெல்லத் துடைத்தேன். அவர் வாய்விட்டுக் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல. அவன் இப்பிடித்தான் கத்துனான். நீ தொடைப்பா," என்றார்.

பஞ்சு படுமுன்பே மறுபடியும் கத்தினார்.