அன்னக்கொடியின் பென்சில்

வில்லாபுரத்தில் அந்த நாலு தெருவுக்குள் அன்னக்கொடி அளவுக்குக் கதை படித்தவர்கள் யாரும் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, படிப்பதில் அவள் கில்லாடிதான். உலையை ஏற்றிவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள் என்றால், கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் தலையைத் தூக்குவாள். புருஷன் விருமாண்டிக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. நல்ல மனுஷன், குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் போவான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விடும். அவளுக்கு என்ன குறை என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை. மாமியார் கொடுமை இல்லை, சீக்கு இல்லை, பிள்ளைகளால் தொல்லை இல்லை. அதனால் அவள் செய்த காரியத்துக்குச் சமாதானம் சொல்ல யாரும் மெனக்கெட வேண்டாம்.

புத்தகம் கொண்டுவருகிறவன் பால்பாண்டி. சைக்கிளுக்குப் பின்னால் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு திங்களும் வெள்ளியும் வருவான். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வாடகைக்கு விடுவது அவன் தொழில். எண்பதாம் வருஷம் வாக்கில் எல்லாமே காலேஜ் பிள்ளைகளின் கதைகளாக வந்துகொண்டிருந்தன. பெல்பாட்டம் போட்ட பையன், தாவணி போட்ட பெண், நடுவில் மீசை வைத்த அப்பா. தெருப் பெண்கள் படித்துவிட்டு அழுவார்கள். அழுததோடு விடாமல் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைப்பார்கள். 'கதை அருமை', 'கண்ணீர் நிற்கவில்லை', 'ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் ஆண்டவா' என்று. பால்பாண்டி தடுக்கமாட்டான். எழுத்து நிறைந்த புத்தகத்தைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்னக்கொடி அழமாட்டாள். அவளும் எழுதுவாள், ஆனால் அது வேறு மாதிரி. 'இவளுக்கு மூளை இருந்தால் மூன்றாவது வாரமே கதை முடிந்திருக்கும்.' 'அழுதவர்கள் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படிக்கவும்.' பேர் போடுவதில்லை. அடுத்த வாரம் குழாயடியில் அந்தப் பெண்கள், எவனோ ஒரு வீணாப்போனவன் இப்படி எழுதுகிறான், பொம்பளைக்கு இத்தனை நெஞ்சழுத்தம் வராது என்று பொருமுவார்கள். அன்னக்கொடி குடத்தை நிமிர்த்தி வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அப்போதுதான் அந்தச் சுகுணா கதை வந்தது. சுகுணா காலேஜில் படிக்கிற பெண். வீட்டில் யாருக்கோ அவளைப் பிடித்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடியில் வந்து நிற்கிறாள். வருவானா, மாட்டானா என்று நாலு வாரம் இழுத்துவிட்டுக் கடைசி வரியில் காதலன் ஓடி வந்துவிடுகிறான். அதன் கீழே 'ஆண்டவா நன்றி' என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். அன்னக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அவன் வராமல் இருந்திருந்தால் இது கதை. வந்ததால் குப்பை' என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை பெட்டியைக் கிளறும்போது அதே புத்தகம் கையில் பட்டது. பிரித்துப் பார்த்தாள். அவள் வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கேள்வி இருந்தது.

'அவன் வராவிட்டால் சுகுணா எங்கே போவாள்?'

இதுவரை அவளைத் திட்டியவர்கள் உண்டு. கேள்வி கேட்டவர்கள் கிடையாது. புத்தகம் யாரிடமிருந்து வருகிறது என்று பால்பாண்டியிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். அடுத்த தெரு தவிட்டுக் கடை நல்லகாமன் மகள் பாண்டியம்மாள் என்றான். பத்தாவது தேறியதும் வீட்டில் உட்காரவைத்துவிட்ட பெண், பதினெட்டு வயசு இருக்கும். குழாயடியில், அன்னக்கொடி எழுதி ஒட்டுகிற தண்ணீர் முறைச் சீட்டுப்படி கடைசியாக நின்று, வாயைத் திறக்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். அட, இதுவா இப்படிக் கேட்டது என்று அன்னக்கொடிக்கு ஆச்சரியமாகிவிட்டது.

'சுகுணாவை விடு. நீ எங்கே போகப்போகிறாய்?' என்று எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. 'திருவாதவூருக்கு. மாமாவுக்கு நாற்பது வயசு. அத்தை செத்து ஆறு மாசம்தான் ஆகிறது. எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னதற்கு அப்பா செருப்பால் அடித்தார்.'

அன்னக்கொடி அதை மூன்று தடவை படித்தாள். ஐயோ பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்றுதான் தோன்றியது. எத்தனையோ வருஷமாகத் தொடர்கதை படித்தவளுக்கு, பதில் பேசுகிற தொடர்கதை ஒன்று கிடைத்துவிட்டது. அதில் ஒரு ஆண்பிள்ளை இல்லாதது குறையாக இருந்ததால் அவளே ஒருத்தனை உண்டாக்கினாள். 'நான் அச்சாபீசில் வேலை பார்க்கிறவன். கதை படித்து அழுகிற பெண்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உன்னைப் பிடித்திருக்கிறது' என்று எழுதினாள். அந்த வரி அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய், அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை போகிற புத்தகம் திங்கட்கிழமை திரும்பி வரும். படித்த புத்தகத்தையே மாற்றி மாற்றி வாங்குகிறீர்களே, இரண்டு பேருக்கும் பித்தா என்று பால்பாண்டி சலித்துக்கொண்டான். பாண்டியம்மாள் எழுதியதில் ஒன்று மட்டும் அன்னக்கொடிக்குச் சப்பென்று இருந்தது. அந்தப் பெண் அச்சாபீஸ்காரனின் பேரைக் கேட்கவில்லை, ஆள் எப்படி இருப்பான் என்று கேட்கவில்லை. நர்ஸ் படிப்புக்குப் பத்தாவது போதுமா, ஹாஸ்டலில் சோறு போடுவார்களா, தையல் தெரிந்தால் எங்காவது வேலை கிடைக்குமா என்றுதான் கேட்டாள். காதல் கதையில் இதையெல்லாம் எவளாவது கேட்பாளா? மக்குப் பெண் என்று அன்னக்கொடி முடிவுகட்டினாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் நிலாவையும் மழையையும் பற்றி நாலு வரி எழுதிவைத்தாள்.

ஆடி நடுவில் இப்படி எழுதி வந்தது: 'ஆவணி பத்தாம் தேதி என்று பேசி முடித்துவிட்டார்கள். ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். வழி இல்லையென்றால் இல்லை என்றே எழுதிவிடுங்கள். நான் எதிர்பார்க்கமாட்டேன்.'

இல்லை என்று எழுத எம்புட்டு நேரம் ஆகும்? அந்தப் பெண் கேட்டதே அதைத்தான். இரண்டு நாள் பென்சிலை வைத்துக்கொண்டு அன்னக்கொடி யோசித்தாள். ஆனால் அங்கே அப்படி நிறுத்திவிட்டால் முடிவு என்று ஒன்று இருக்காதே. கடைசியில் எழுதினாள்: 'அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணி. தெற்குவாசல் பஸ் நிறுத்தம். பையோடு வா. நீலச் சட்டையில் வருவேன்.' புத்தகத்தைப் பால்பாண்டி கையில் கொடுத்துவிட்டு, திருப்தியாக ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஒன்பதே முக்காலுக்கே தெற்குவாசல் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. தூக்குவாளி பார்க்கிற சாக்கில் வாசலில் நின்றுகொண்டாள். பாண்டியம்மாள் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல தாவணியைக் கட்டியிருந்தாள். பஸ் வந்தது, போனது. பதினொன்று ஆனது. வெயில் ஏறியது. ஒரு தரம் அந்தப் பெண் நேராக எதிர்ப்பக்கம் பார்த்தாள். முகம் லேசாக மலர்ந்த மாதிரி இருந்தது. அன்னக்கொடி சட்டென்று திரும்பி அடுக்கிவைத்த வாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எழுதுவது நாம்தான் என்று இவளுக்கு எங்கே தெரியப்போகிறது, வெயிலுக்குக் கண் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழவில்லை. யாரையாவது விசாரிப்பாள், மயங்கி விழுவாள், ஏதாவது ஒன்று நடக்கும் என்று இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு நின்றாள். பன்னிரண்டரைக்கு அன்னக்கொடிக்குப் பொறுமை போய்விட்டது. கடைக்காரன் முறைக்க ஆரம்பித்ததும் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

தெருமுனையில் பாண்டியம்மாளின் அம்மா ஒச்சாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். மகளைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலேயே தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்னக்கொடி நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"தெற்குவாசல் பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. கையில துணிமணிப் பை வச்சிருக்கா."

நல்லகாமனும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் போய் ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடித்தது நாலு தெருவுக்கும் கேட்டது. மஞ்சள் பையில் இருந்த பத்தாவது சர்ட்டிபிகேட்டை அடுப்பில் போட்டார்கள். அதைப் பிடுங்கப்போன பாண்டியம்மாளின் கையை முறுக்கியதில் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. எவன்டா அவன், எவன்டா அவன் என்று கேட்டுக் கேட்டு அடித்தும் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஆவணி பத்துவரை காத்திருக்கவில்லை, ஐந்தாம் நாளே கட்டுப்போட்ட கையோடு தாலி கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு அன்னக்கொடி போனாள். பாயசம் நன்றாக இருந்ததென்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து, பால்பாண்டியிடமிருந்து தான் வாங்கி வைத்திருந்த சுகுணா கதையை எடுத்தாள். 'நீலச் சட்டையில் வருவேன்' என்பதற்குக் கீழே 'சரி, வருகிறேன்' என்று மட்டும் இருந்தது. முதல் கேள்வியிலிருந்து ஒரே மூச்சில் படித்தாள். முடிவு நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்க ஒரு மனுஷிக்கு எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள், முடிந்தது.

எட்டு வருஷம் போயிற்று. விருமாண்டியின் உறவில் ஒரு காதுகுத்துக்காகத் திருவாதவூர் போகவேண்டி வந்தது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, அன்னக்கொடி ஒரு ஆளிடம் வழி கேட்டுப் பாண்டியம்மாள் வீட்டைத் தேடிப் போனாள். அன்பில் போகவில்லை. மிச்சக் கதையைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் போனாள்.

பாண்டியம்மாள் தொழுவத்தில் நின்றிருந்தாள். இருபத்தாறு வயசுக்கு நாற்பது சொல்லலாம். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. உள்ளே மாமன்காரன் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தான். "வாங்கக்கா" என்று கூப்பிட்டு, பாயை விரித்து, இடது கையால் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஊர்ச் சேதி கொஞ்சம் பேசினார்கள். அன்னக்கொடிக்கு நாக்கு நமநமவென்றது. மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன்டி பாண்டியம்மா, அன்னைக்குத் தெற்குவாசல்ல யாருக்குடி அப்படிக் காத்துக்கெடந்த?"

"உங்களுக்குத்தான்க்கா."

அன்னக்கொடி செம்பைக் கீழே வைத்தாள். பாண்டியம்மாள் கோபமாகப் பேசவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"குழாய்ல தண்ணி மொறை எழுதி ஒட்டுவீகள்ல, அதே எழுத்து. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. அச்சாபீசு, நீலச் சட்டைன்னு எழுதுனதெல்லாம், வேற யாரும் பாத்தா நீங்கன்னு தெரியாம இருக்கட்டும்னு எழுதுறீகன்னு நெனச்சேன்."

குழாயடியிலேயே வந்து கேட்டிருக்கலாமே என்றாள் அன்னக்கொடி.

"அங்க நீங்க எங்கிட்டப் பேசமாட்டீக. புத்தகத்துலதான் பேசுனீக. நீ எங்க போகப்போறன்னு என்னைய அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ஏதாச்சும் ஆஸ்டல்ல சேத்துவிடக் கூட்டிட்டுப் போவீகன்னு நெனச்சு வந்தேன். எதுத்தாப்ல பாத்திரக் கடையில நீங்க நின்னதையும் பாத்தேன்."

அடிக்கும்போதுகூட அந்தப் பெண் அன்னக்கொடியின் பேரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. அத்தனை கதை படித்து அத்தனை பேரை மக்கு என்று எழுதியவளுக்கு, தன்னை நம்பி ஒருத்தி எழுதிய அந்தச் சின்னப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

பாண்டியம்மாள் காலிச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரோட்டைத் தாண்டி வந்திருந்தாப் போதும்க்கா. அன்னைக்கு வண்டிகூட அம்புட்டா இல்ல."

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.