தொட்டியை விட்டு விலகிய கோடு

பூந்தமல்லியில் என் உத்தியோகம் வர்ணம் பூசுவது. சுவருக்கு அல்ல, ஊருக்கு. பஞ்சாயத்து போர்டு ஆபீசில் ஓர் ஊர்ப்படம் இருந்தது. வயலுக்குப் பச்சை, வீடு, கடைக்கு மஞ்சள், சாலைக்குக் காவி. எந்த நிலம் எதற்கு, எந்தச் சாலை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில்தான். யுத்தம் வந்து ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் ஓடத் தொடங்கியதும், அதைப் புதுப்பிக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது.

எப்படிப் புதுப்பிப்பது என்பதில் எனக்கும் என் மேலதிகாரியான ஓவர்சியருக்கும் தகராறு. தெருத்தெருவாகப் போய் நின்று பார்த்துத் திருத்த வேண்டும் என்றார் அவர். பழைய படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து மேஜையிலேயே திருத்திவிடலாம் என்றேன் நான். அதற்குப் பல காரணங்கள் சொன்னேன். சொல்லாத காரணம், என் தலையில் முடி அப்போதே விடைபெற்றிருந்தது. தலைப்பாகையைத் தாண்டி வெயில் நேரே மூளையோடு பேசும்.

"சரி, ஒரு முக்குல உம்ம முறையைச் சோதிச்சுப் பார்ப்போம்" என்றார்.

மாங்காட்டுச் சாலை பிரியும் முக்கை எடுத்துக்கொண்டேன். அங்கே மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. பக்கத்தில் ஓர் அம்மாளின் கூழ்க்கடை. பழைய படத்தில் அந்த இடம் வெறும் தரிசு. ஆகவே ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. தொட்டியும் கடையும் சாலைக்குள் போய்விட்டன. கோட்டைத் தரையில் காட்ட வேண்டுமே! மறுநாள் காலையில் போய்ச் சுண்ணாம்பு போட்டு, தொட்டியைச் சுற்றிக் கயிறும் கட்டினேன்.

"இன்னா சாமி, என் கடையாண்ட வேலி கட்டிக்கினு கீறே?"

"சாலை அகலமாகுதும்மா. லாரி போகணும்."

"லாரி போவட்டும். நான் எங்க போவேன்? எம் புள்ளைங்க வயிறு இந்தப் பானையிலதான் கீது."

"படத்துல உங்க கடையே இல்லியே."

"படத்துல நீ கீறியா?"

குனிந்து முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

இரவில் பட்டணத்துக் கொத்தவால் சாவடிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போன வண்டிகள் காலையில் திரும்பும் வழி அது. காலி வண்டியில் வண்டிக்காரர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவருவார்கள். மாடுகள் தாமே வரும். தொட்டியருகே தாமே நிற்கும், குடிக்கும், கிளம்பும். ஊருக்கெல்லாம் தெரிந்த இது என் மேஜைக்குத் தெரியாது.

முதல் ஜோடி வந்தது, கயிற்றைப் பார்த்தது, நின்றது. குடிக்காமல் நகரும் வழக்கம் அதற்கில்லை. அடுத்த ஜோடி அதன் பின்னால் நின்றது. வரிசை பட்டணத்துப் பக்கமாக நீண்டுகொண்டே போனது. வண்டிகளுக்குள் குறட்டை. முன்னால் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மாடு என் தலைப்பாகையை முகர்ந்தது. வைக்கோல் இல்லை என்று தெரிந்ததும் என்னை மதிப்பதை விட்டுவிட்டது. பின்னால் ஒரு ராணுவ லாரி அலறியதில் வண்டிக்காரர் விழித்தார்.

"யோவ் நைனா! மாட்டாண்ட இன்னா வம்பு? கயித்த அவுத்துவுடு!"

"இது கவர்மெண்டு கயிறு."

"அப்ப வண்டியக் கவர்மெண்டையே தள்ளச் சொல்லு!"

வரிசையின் கடைசியில் ஜட்காவில் சிக்கிய ஓவர்சியர், இறங்கி நடந்து வியர்க்க வியர்க்க வந்துசேர்ந்தார். கயிற்றைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உத்தியோகம் போயிற்று என்று நினைத்தேன்.

"நல்ல சோதனைய்யா. மேஜையில உக்காந்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?" என்றவர், தாமே முடிச்சை அவிழ்த்தார்.

அன்றே முறை முடிவாயிற்று. முதலில் தரையில் சுண்ணாம்பு. சில நாள் நின்று பார்ப்பது. அப்புறந்தான் தாளில் மை. அந்த முக்கில் கோடு எதிர்ப்பக்கப் புறம்போக்குக்கு வளைந்தது. மாடுகள் ஒதுங்கிக் குடிக்க, லாரிகள் நேராகப் போயின. கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

சாலை அடைபட்டது பற்றி மேலிடத்தில் கேட்டபோது, "சோதனைக்காக நாங்கதான் கட்டினோம்" என்றார் ஓவர்சியர். அந்த "நாங்க" என்ற சொல்லின் நிழலில்தான் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் நன்றி தீராது.

புதுப் படம் தயாரானதும் அம்மாளிடம் விரித்துக் காட்டினேன்.

"இதுல நான் எங்க கீறேன்?"

மஞ்சள் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். அதன்மேல் தன் விரலையும் வைத்துப் பார்த்தாள்.

"நீ?"

நான் இன்னமும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே, வெங்காயத்தோடு ஒரு சட்டி கூழை நீட்டினாள். அன்று தொட்டியைச் சுற்றிக் கட்டிய என் கயிறு அவள் குடத்தின் கழுத்தில் இருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.