இருட்டு நாடகத்துக்கு ஒரு விருது

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். டி.வி. நாடகம் எழுதியதற்காக. வாழ்க்கையில் முதல் விருது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறீர்களா? எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாலே சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொள்கிற ஜென்மம் நான்.

மறைமலை நகரிலிருந்து கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. சிறந்த நாடகாசிரியர் விருது... ஞாயிறு காலை பத்து மணி... கல்யாண மண்டபம்... தாங்கள் அவசியம் நேரில் வர வேண்டும். அந்த 'அவசிய'த்துக்குக் கீழே இரண்டு கோடு! விருது வாங்கிக்கொள்ளச் சொல்லி யாராவது இப்படிக் கெஞ்சுவார்களா?

விசாரித்ததில், கொடுப்பது டி.வி. தொழில் சங்கமாம். தொழில் என்றால் நாடகம் போடுவது இல்லை. டி.வி. பெட்டி செய்வது! டியூப் மாட்டுகிறவர்களுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

"ஏங்க, போறதுதான் போறீங்க... எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க" என்றாள் என் மனைவி. இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

எந்த நாடகம் என்று சொன்னால் உங்களுக்கே சந்தேகம் வரும். சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்ததே, ராஜம் என்பவளின் கதை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன புருஷன் நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் இல்லை. ராஜம் விளக்கேற்றவில்லை. கதவையும் திறக்கவில்லை. உள்ளேயே நின்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள். திரையில் முழு இருட்டு - குரல்கள் மட்டும். ஐந்து நிமிஷம்!

"சார், பெட்டி கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்க சார்" என்று தயாரிப்பாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் பிடித்த பிடியை விடவில்லை.

ஒளிபரப்பான அன்று என் மனைவியே எழுந்து போய்ப் பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர் மாடியேறி ஆன்டெனாவைத் திருகினார். ஒரு கடிதம்கூட வரவில்லை. வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு ரொம்ப வலித்தது. நான் எழுதியதிலேயே நல்ல நாடகம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாருமே பார்க்கவில்லை.

அதனால் பஸ் ஏறும்போதே ஒரு முடிவு. அந்த நாடகத்தை நிஜமாகவே பார்த்த ஒரு ஆளாவது - ஒரே ஒரு ஆளாவது - அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் விருதும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பேன்ட் சட்டையில் தொழிலாளர்கள், பட்டுப்புடவையில் அவர்கள் வீட்டுப் பெண்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்ததும் முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான். நகத்தால் லேசாகச் சுரண்டியும் பார்த்தேன்... அடியில் வேறு பெயர் இல்லை.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்த நாடகத்த எங்க டெஸ்டிங் லைன் ஆளுங்க உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டாங்க!"

பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு.

பார்த்தீர்களா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தலைவர் அதற்குமேல் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் காது சுட்டது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தி. எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார் ஒருவர். பெயர் ஞானப்பிரகாசம். மணிமங்கலத்துக்காரர். டி.வி. பெட்டித் தொழிற்சாலையில் செக்கர், அதாவது தயாரான பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிறவர். சிரித்தவர்களில் இவரும் ஒருவர். விடுவேனா?

"நாடகத்துல என்ன கதைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன்.

மனிதர் அசரவில்லை. ராஜம் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிய வார்த்தை மாறாமல்! எனக்குச் சாம்பார் இறங்கவில்லை.

"அப்புறம் ஏன்யா சிரிச்சீங்க?"

"அத்த ஏன் சார் கேக்குற! செஞ்ச பெட்டியல்லாம் அடுக்கி வெச்சி ஓட வுட்டுப் பாப்போம். சாயங்காலத்துல டி.வி. டேசன் ப்ரோகிராமே ஓடினு இருக்கும். அன்னிக்கின்னு பாத்து புதுசா வந்த லாட்டு பிக்சர் டியூபு மாட்டியிருந்தோம். திடீர்னு பாத்தா, நாப்பது பெட்டியும் ஒரே நேரத்துல இருட்டு! டியூபே கோளாறுன்னு சூப்ரவைசர் கத்தறாரு. ஆனா ஒரு பெட்டில மட்டும் சவுண்டு வெச்சிருந்தோம் பாரு... அந்தம்மா பேசுது. பேசிக்கினே கீது. யாரும் அசையல சார். அப்டியே நின்னுக்கினு கேட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சூப்ரவைசர் மெயின ஆப் பண்ட்டாரு. நாப்பது பெட்டியயும் ரிஜெக்ட்டுனு எழுதி, ஒண்ணொண்ணா பின்னால கயட்டிப் பாத்தோம். ஒரு கோளாறும் இல்ல. திருப்பிப் போட்டா நியூஸு பளிச்சுன்னு ஓடுது!"

இலையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் சார்... அந்தம்மா கதவத் தெறந்துச்சா, இல்லியா?"

அப்போதுதான் கவனித்தேன். எதிர்ப்பந்தியில் ஒருவர் கையும் அசையவில்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை மாதமாக அந்த லைனில் இதே சண்டையாம். திறந்தாள் என்று ஒரு கோஷ்டி, திறக்கவில்லை என்று ஒரு கோஷ்டி. மறுபடி போட மாட்டார்கள், யாரைக் கேட்பது? சங்கம் இந்த வருஷம் யாருக்கு விருது கொடுக்கலாம் என்று தொழிலாளர்களைக் கேட்டதும், மொத்த லைனும் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டதாம்.

"விருதுன்னாதானே சார் நீ நேர்ல வருவ?"

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். உள்நோக்கம் இருந்திருக்கிறது! இந்த உள்நோக்கத்துக்கு நான் காலில் விழுந்து கும்பிட வேண்டும். கண் கலங்கியதற்கு ரசத்தின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். எதிரே பந்தியின் கடைசியில் ஒருவர் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"இவரு முருகேசன் சார். சங்கரன்கோயில் பக்கம்" என்றார் ஞானப்பிரகாசம். "வூட்ல சண்ட போட்டுக்கினு வந்து மூணு வருசம் ஆவுது. ஒரு லெட்டரு போட்டதில்ல."

"சும்மா இருங்க அண்ணாச்சி" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார் முருகேசன். "எதுக்கு கேக்கேன்னா சார்... வர்ற வெள்ளிக்கெழம ஊருக்குப் போலாமான்னு ஒரு யோசன. அவ தொறந்தாளா சார்?"



"தொறந்தாப்பா" என்றேன். "உடனே இல்ல. எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு, தொறந்தா."

முருகேசன் உட்கார்ந்தார். பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். ஒரு பக்கம் விசில், கைதட்டல்.

ஞானப்பிரகாசம் மட்டும் கைதட்டவில்லை. பெட்டிக்கு முத்திரை குத்துவதற்கு முன் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"நெசமாவா சார்? அந்தம்மா பேசுன பேச்சுக்குத் தெறக்கவே தெறக்காதுன்னு இல்ல நான் சொல்லிக்கினு கீறேன்?"

எப்பேர்ப்பட்ட செக்கர்! அவர் சொன்னதுதான் சரி. நான் எழுதிய நாடகத்தில் கரன்ட் வருகிறது, திரையில் வெளிச்சம் வருகிறது, கதவு மூடியேதான் இருக்கிறது. கடிதம் வந்த நாளிலிருந்து ஊரையே சந்தேகப்பட்டேனே... அந்த மண்டபத்தில் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவன்தான். பொன்னாடை போர்த்திக்கொண்டு பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்.

இந்த இதழ் கடைக்கு வரும்போது முருகேசன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அங்கே நிஜக் கதவு என்ன செய்ததோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த நாடகத்தைக் கடைசிவரை பார்த்த புண்ணியவான் உங்களில் யாராவது இருந்தால்... ஐயா, கொஞ்ச நாளைக்கு மறைமலை நகர் பக்கம் போகாதீர்கள்!